தேசிக்காயும் பின் கியரும்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பேப்பரில் பெரிய எழுத்தை வாசிப்பேன். ஆனால் ஓடுகிற எந்த எந்திரமும் என்னிடம் வாய் திறந்து பேசும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்றாலும் குற்றமில்லை, அது உழைத்துச் சம்பாதித்த பெருமை. தெற்கே லொறிக் கிளீனராகப் போய், சாரதியாகி, அந்த லொறியையே வாங்கி, கடையும் வைத்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையும் லொறியும் எரிந்து, உடுத்த சாரத்தோடு புங்குடுதீவுக்கு வந்து இறங்கினேன். வந்த பிறகும் ஒருவரிடம் கை நீட்டியது கிடையாது. லொறி எரிந்ததைச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுகூட எனக்கு வந்தது கோபம்தான். பயம் என்றால் என்னவென்று அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கியர்பொக்ஸ்தான் எனக்குக் காட்டித் தந்தது.

ஊரில் எனக்கு ஒரு ஜீப் இருந்தது. உலகச் சண்டைக் காலத்து ஜீப். வெள்ளைக்காரன் விட்டுப்போனது, பல கை மாறி என் கைக்கு வந்தது. எங்கள் தீவின் மணல் ஒழுங்கையிலும் கல்லுத் தெருவிலும் அதுபோல ஓடக்கூடிய வாகனம் வேறொன்றும் கிடையாது. நான் ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில் அதன் கியர்பொக்ஸ் உடைந்தது. உள்ளே பற்கள் தெறித்து, எந்தக் கியரில் போட்டாலும் கல்லுடைக்கிற சத்தம் கேட்டது. நான் திருத்தவில்லை. திருத்தத் தெரியாமல் அல்ல. ஓடுகிற வாகனம் என்று தெரிந்தால் இயக்கத்துப் பெடியன்கள் வந்து, "ஐயா, ரண்டு நாளைக்குத் தாங்கோ" என்பார்கள். ஆமிக்காரர் கேட்கவே மாட்டார்கள், ஏறிக்கொண்டு போவார்கள். ஓடாத ஜீப்பை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே நாலு பனங்குற்றியில் ஏற்றி, கிடுகுக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டேன். கோழிகள் பின் சீற்றில் முட்டையிட்டன.

அப்படியிருக்கும்போதுதான் என் மகளுக்கு மாதம் நிறைந்தது. தலைப்பிள்ளை. மருமகன் வெளிநாட்டில் இருந்தார். ஒருநாள் காலையில் மருத்துவிச்சி வந்து மகளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவுவதற்காக வெளியே வந்தாள். கழுவிய கையைத் துடைக்காமலே நின்றாள்.

"அண்ணை, பிள்ளை குறுக்கை கிடக்குது. திரும்புமெண்டு பாத்தனான். திரும்பேல்லை."

"இப்ப என்ன செய்யிறது?"

"நோ தொடங்கினாப் பிறகு இஞ்சை வைச்சு என்னாலை ஒண்டும் செய்யேலாது. அதுக்கு முதலே யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ. வெட்டித்தான் எடுப்பினம்."

"எவ்வளவு நாள் கிடக்கு?"

"நாள் சொல்லுறதுக்கு நான் சாத்திரியே அண்ணை? கெதியாப் போங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிந்தினா ரண்டு பேரும் இல்லை" என்றாள்.

என் மனைவி குசினி வாசலில் நின்று இதைக் கேட்டாள். அவள் அழவில்லை. உள்ளே போய், மகளின் உடுப்புகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள்.

அந்தக் கிழமைதான் வேலணைப் பக்கம் கண்ணிவெடி ஒன்று வெடித்திருந்தது. பஸ் நின்றுவிட்டது. வான் வைத்திருந்தவர்கள் சில்லுகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். வள்ளத்தில் போகக் கடலில் தடை. மாட்டு வண்டியில் ஏற்றினால் குலுக்கலிலேயே நோ தொடங்கிவிடும். இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் முற்றத்தில் நிற்க, மனைவியின் தம்பி வந்தான். அவன் பஸ் சாரதி. பஸ் ஓடாத நாட்களில் அவனுக்கு வாய் மட்டும்தான் ஓடும்.

"அத்தான், ஊரிலை நாலு சில்லோடை நிக்கிறது உங்கடை ஜீப் மட்டும்தான். அதுவும் நாலு குத்தியிலை நிக்குது."

"குத்தியிலை இருந்து இறக்குறன் பார்" என்றேன்.

"கியர்பொக்ஸ்?"

"கட்டுறன்."

"என்னத்தை வைச்சு?"

அது நல்ல கேள்வி. உடைந்தது உள்ளே கீழ்த் தண்டில் இருக்கும் பெரிய பல்லிரும்பு. ஒரே இரும்பில் நாலு பல்சக்கரம் சேர்த்து வார்த்தது போல இருக்கும். அதை ஒட்டவும் ஏலாது, அராவி எடுக்கவும் ஏலாது. வேலணையில் என் கூட்டாளி ஒருவரின் வளவுக்குள் இதே மாதிரி ஜீப் ஒன்றின் எலும்புக்கூடு கிடந்தது. மற்ற எல்லாவற்றையும் கழற்றி விற்றவர், கியர்பொக்ஸை மட்டும் ஆட்டுக்குட்டி கட்டுவதற்கு வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். சைக்கிளை எடுத்தேன்.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குப் போவதென்றால் கடலின் நடுவே தாம்போதியால் போகவேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரம் இல்லை. அந்தக் கரையில் தெரு கொஞ்சம் மேடேறி நிலத்தில் சேருகிற இடத்தில், மண்மூட்டையும் பனங்குற்றியும் அடுக்கி ஆமியின் சென்ரி இருந்தது. சென்ரிக்கு முன்னால் தெருவோரத்தில் வெள்ளை பூசிய தார்ப் பரல் ஒன்று, இரும்புப் பீப்பாய். வருகிறவர்கள் அந்தப் பரலோடு நிற்க வேண்டும். கை காட்டினால்தான் தாண்டலாம். சட்டம் அவ்வளவுதான். அவர்கள் கடல் தாண்டி வந்த ஆமி, நான் தெற்கில் பழகின சிங்களமும் அவர்களிடம் செல்லாது. அவர்களின் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பரல்தான் இரு பகுதிக்கும் பொதுவான பேச்சு. கை காட்ட முன்னம் தாண்டிய ஒருவரின் சைக்கிள் மதகடியில் பல நாளாகக் கிடந்தது. சைக்கிள் மட்டும்.

நான் பரலடியில் இறங்கி நின்றேன். வேர்வையைத் துடைக்கக் கைப்பிடியை விட்டபோது சைக்கிள் தானாகப் பின்னுக்கு உருண்டது. அவ்வளவு மேடு அந்த இடம். எட்டிப் பிடித்தேன். சென்ரியில் இருந்தவன் துவக்கைத் தூக்கி, நான் சைக்கிளைத்தான் பிடிக்கிறேன் என்று கண்டு, இறக்கினான்.

கூட்டாளியின் வளவில் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து, வேண்டிய இரும்பைக் கழற்றிச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டினேன். பற்கள் கூராக, புதிதுபோல இருந்தன. மறைத்துக் கொண்டுபோகச் சொன்னார் கூட்டாளி, பனங்கிழங்குக் கட்டுக்குள் வைத்துத் தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். ஒளித்தது கண்டுபிடிபட்டால் இரும்பு வெடிகுண்டாகிவிடும். ஒளிக்காவிட்டால் இரும்பு இரும்புதான்.

சென்ரியில் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒருவன் அதைத் தூக்கிப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வந்து கைவிரலால் பல்லைத் தடவினான். பயிர் செய்கிற கை அது, காய்ப்பு இருந்தது. "டிராக்டர்?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். ஜீப் என்று சொல்லியிருந்தால் எந்த ஜீப், யாருடைய ஜீப் என்று பின்னாலேயே வந்திருப்பார்கள். தாம்போதி முடியும்வரைக்கும் என் முதுகு, முதுகாக இருக்கவில்லை. ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி, எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்பது மாதிரி, விரிந்து கிடந்தது.

அடுத்த நாள் காலையில் மூன்று பனஞ்சிலாகையை முக்காலியாகக் கட்டி, கிணற்றுக் கப்பியைத் தொங்கவிட்டு, கயிற்றில் கியர்பொக்ஸை இறக்கினோம். நானும் மச்சானும்தான். சுத்தியல் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கக்கூடாது என்று இரும்புக்கும் சுத்தியலுக்கும் நடுவே பழைய செருப்புத் தோலை வைத்து அடித்தேன். இப்படி அடிக்க ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் மூளைதான்.

என் வேலைக்கு ஒரு முறை உண்டு. எழுதிவைக்கத் தெரியாதவன் வேறு எப்படி நினைவில் வைப்பது? ஒரு சாக்கை விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைப்பேன். வைக்கும்போது பெட்டிக்குள் எந்த முகம் இஞ்சின் பக்கம் பார்த்ததோ அந்த முகம் கிழக்கே பார்க்க வைப்பேன். பூட்டும்போது கடைசியில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டும் பூட்டலாம். லொறிக்காலத்தில் ஓவசியர்மாரே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருநாளும் பிழைத்ததில்லை.

சாமானெல்லாம் சாக்கில் இருந்தபோது நாய் குரைத்தது. பிறகு நாய் குரைக்காமல் விட்டது. அதுதான் கூடாத சகுனம். படலையைத் திறந்துகொண்டு ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். தேடுதல். சிலர் வீட்டுக்குள் போனார்கள். வீட்டுக்குள் மகள் படுத்திருந்தாள். நான் எழும்ப, ஒருவன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்து, இரு என்று காட்டினான். கையில் பெரிய பல்லிரும்போடு குந்தியிருந்தேன். கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

"ரிப்பேர், ரிப்பேர்" என்றான் மச்சான். அவனுக்கு அந்தச் சொல் எந்த மொழியிலும் செல்லும் என்று நம்பிக்கை.

ஒருவன் ஜீப்பில் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தான். இறங்கி வந்து சாக்கடியில் குனிந்தான். சின்னப் பல்சக்கரம் ஒன்றை எடுத்து, விரலில் போட்டுச் சுழற்றிப் பார்த்தான். விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தான். மரியாதையாக, மெதுவாக வைத்தான். அவன் வைத்த இடத்தை நான் பார்த்தேன். வைத்த முகத்தைப் பார்க்கவில்லை. என் காது வீட்டுக்குள் இருந்தது. உள்ளே ஏதோ விழுந்த சத்தம், மனைவி தாழ்ந்த குரலில் "பிள்ளைத்தாய்ச்சி, பிள்ளைத்தாய்ச்சி" என்று சொல்லுகிற சத்தம். உள்ளே போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒருவன் வாசலில் விழுந்திருந்த செம்பை எடுத்துச் சுவரோரம் வைத்தான். போய்விட்டார்கள்.

"அத்தான், அந்த இரும்பை இனிக் கீழை வைக்கலாம்" என்றான் மச்சான்.

என் விரல்கள் விரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

அன்றைக்கே பூட்டினேன். சாக்கு இருந்தது, ஒழுங்கு இருந்தது, எடுத்த எடுத்த மாதிரி போட்டுக்கொண்டே வந்தேன். மூடியைப் பூட்டினதும் எண்ணெய்ப் பிரச்சினை. கியர் எண்ணெய் எங்கே கிடைக்கும்? நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீட்டில் ஆமணக்கெண்ணெய் இருந்தது. அதை வாங்கி, கழிவு ஒயிலை வேட்டித் துணியில் வடித்து அதோடு கலந்து ஊற்றினேன். கெட்டியான எண்ணெய், பல்லில் ஒட்டி நிற்கும். இஞ்சின் சூடேறினதும் மணம் வளவு முழுக்கப் பரவியது. மகள் யன்னலால் எட்டிப் பார்த்து, "அப்பா, ஜீப்புக்குப் பேதி குடுத்துப்போட்டியளோ?" என்று கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் சிரிக்கும்போது வயிறு குலுங்குவதைப் பார்த்துப் பயந்தேன்.

விடிந்ததும் புறப்பாடு. ஜீப் குற்றியில் இருந்து இறங்கி, கொட்டிலுக்குள் முகம் வெளியே பார்க்கத்தான் நின்றது. மனைவி நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான், வைத்தாள். சில்லு ஏறி அவற்றை நசித்துக்கொண்டு முன்னுக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் பயணம். எங்கள் ஊரில் புது வாகனமோ திருத்தின வாகனமோ இது இல்லாமல் படலை தாண்டாது. நான் முதல் கியரில் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்கினது மாதிரி விழுந்தது. நாலு தேசிக்காயும் நசிந்து சாறு மணலில் ஓடியது. முற்றத்தில் இரண்டாம் கியரும் பார்த்தேன். என் நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்கவில்லை.

மச்சான் சொன்னான், "அத்தான், பின்னுக்கும் ஒருக்கா எடுத்துப் பாப்பம்."

பழஞ்சேலை மடித்துக்கொண்டு நின்ற மனைவி திரும்பினாள். "வாயைக் கழுவு. பிள்ளைத்தாய்ச்சி ஏறப்போற வாகனம். முன்னுக்கு வைச்ச காலைப் பின்னுக்கு எடுக்கிறதே? வயித்திலை கிடக்கிறது ஏற்கெனவே குறுக்கை கிடக்குது. இன்னும் பின்னுக்குத் தள்ளப்போறியோ?"

"அக்கா, கியர் வேறை, பிள்ளை வேறை."

"உனக்குப் பிள்ளை பெத்துத் தெரியுமோ?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே. "வேண்டாம். முன்னுக்குத்தானே போறம்" என்றேன்.

பின்னால் மெத்தை விரித்து மகளைச் சரித்து இருத்தி, மனைவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தடியொன்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி மச்சான் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான். ஊருக்குள் ஆட்கள் படலையில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை. போகிற இடம் கேட்கக்கூடாது என்பதற்காக மட்டும் அல்ல, கேட்டால் தங்கள் வீட்டுப் பயமும் வெளியே வந்துவிடும் என்பதற்காகவும்தான்.

தாம்போதியில் ஏறினதும் காற்று. இரண்டு பக்கமும் கடல் தட்டையாகக் கிடந்தது. தூரத்தில் எங்கோ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. ஆமி ஜீப்பின் உருவம் என் ஜீப்பின் உருவம்தான். ஆமிக்காரர் பார்த்தால் தங்களுடையது களவு போனது என்று நினைப்பார்கள், இயக்கத்தார் பார்த்தால் ஆமி வருகிறது என்று நினைப்பார்கள். இதை வீட்டில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. "வேட்டியை உயத்திப் பிடி" என்று மச்சானுக்கு மட்டும் சொன்னேன்.

"இதுக்கு மேலை உயத்தினா நான் பறந்துபோவன், அத்தான்."

கியர்பொக்ஸ் பாடிக்கொண்டு வந்தது. ஒரு கரகரப்பும் இல்லை. அதுதான் என் ஒரே தைரியம்.

சென்ரிப் பரல் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். பிரேக்கை அமத்தினேன். வருடக்கணக்காக நின்ற வாகனம், பிரேக் உடனே பிடிக்காமல் பஞ்சிப்பட்டது. திரும்ப அமத்தினேன், பிடித்தது. ஆனால் ஜீப் மேட்டில் ஏறி, பரலைத் தாண்டித்தான் நின்றது. ஜீப்பின் முன்பாதி பரலுக்கு அந்தப் பக்கம்.

சென்ரிக்குள் ஒரே நேரத்தில் பல இரும்புச் சத்தம். மூட்டைக்கு மேலே துவக்குகள். ஒருவன் கையைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். "பேக். பேக்."

எல்லாருக்கும் விளங்குகிற சொல். நான் கிளட்சை அமத்தி, பின் கியரில் போட்டேன். விழவில்லை. கர்ர்ரென்று ஒரு சத்தம். கல்லை அரைக்கிற மாதிரி, இன்னும் சரியாகச் சொன்னால் துவக்கு வெடிக்கிற மாதிரி. அங்கே எல்லாரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே சத்தம். பல்லோடு பல்லு முட்டுகிறது, உள்ளே போகவில்லை.

அந்த நேரம் எனக்குச் சாக்கு தெரிந்தது. சாக்கில் கடைசி ஓரத்தில் சின்னப் பல்சக்கரம். பின்னுக்குப் போவதற்கு மட்டுமே உள்ளது அது. அதன் ஒரு முகத்தில் பற்கள் சரித்து வெட்டியிருக்கும், அந்தப் பக்கத்தால்தான் மற்றச் சக்கரத்துக்குள் நுழையும். முகம் மாறினால் சுவரில் முட்டுகிற மாடு மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். விரலில் போட்டுச் சுழற்றிய அந்த ஆமிப் பெடியன் மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"பேக்." இப்போது குரல் வேறு.

மச்சான் காலை வெளியே வைத்தான், இறங்கித் தள்ளலாம் என்று. இரண்டு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் காலை உள்ளே எடுத்தான். வெள்ளை வேட்டி அவன் கையில் அடித்துக்கொண்டது.

"அத்தான், முன்னுக்கு எடுக்காதையுங்கோ."

"தெரியும்."

"இறங்கவும் விடுறாங்கள் இல்லை."

"தெரியும், வாயை மூடு."

பின்னால் மகள், "அம்மா, நோகுது" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். மருத்துவிச்சி சொன்ன சொல் என் காதில் கேட்டது. மகளின் கை வந்து என் சேட்டுக் கொலரைப் பின்னால் பிடித்தது. பிடி இறுக, மேல் பொத்தான் என் தொண்டையில் குத்தியது. அந்தக் கையை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் துவக்கைத் தோளில் சாத்தி, ஒரு கண்ணை மூடினான். எந்தக் கண் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. இடது கண்.

பிரேக்கில் இருந்த என் கால் நடுங்கியது. நடுங்க நடுங்க ஜீப் ஒரு விரற்கடை பின்னுக்கு அசைந்தது. அப்போதுதான் சைக்கிள் நினைவுக்கு வந்தது. நான் வேர்வை துடைத்த இடம் இதுதான். மேடு.

கியரை நடுவில் விட்டேன். இரண்டு கையையும் ஒருமுறை உயர்த்திக் காட்டினேன். பிறகு ஸ்டேரிங்கைப் பிடித்து, பிரேக்கை விட்டேன்.

ஜீப் தானாகப் பின்னுக்குப் போனது. முதலில் மெதுவாக. பரல் என் பக்கத்தால் முன்னுக்கு நகர்ந்தது. பிறகு வேகம் எடுத்தது. மனைவி, "ஐயோ, பின்னுக்குப் போகுது, பின்னுக்குப் போகுது" என்று அலறினாள். அவளுக்குத் துவக்கு தெரியவில்லை, கடல் தெரியவில்லை. மகளின் வயிறு மட்டும்தான் தெரிந்தது. நான் கழுத்தைத் திருப்பினேன். கொலரைப் பிடித்த கை திருப்ப விடவில்லை. பாதிக் கண்ணால் தாம்போதியின் ஓரக்கல்லைப் பார்த்தபடி ஸ்டேரிங்கைக் கொஞ்சம் ஒடித்தேன். பிரேக்கை அமத்தினேன். இல்லை. திரும்ப அமத்தினேன். இல்லை. கைப்பிரேக்கை மச்சான் இரண்டு கையாலும் இழுத்தான். வேட்டி பறந்து கடலில் விழுந்தது. ஜீப் ஓரக்கல்லில் ஒரு சில்லை முட்டிக்கொண்டு நின்றது.

இஞ்சின் சத்தமும் தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தமும் மட்டும்.

ஒருவன் நடந்து வந்தான். பயிர் செய்கிற கைக்காரன். என்னைப் பார்த்தான், டிராக்டர்க்காரன் என்று அடையாளம் கண்டிருப்பான். ஜீப்பைப் பார்த்தான். பின்னால் எட்டிப் பார்த்தான். மகள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள். அவன் உடனே நிமிர்ந்து, சென்ரிப் பக்கம் திரும்பி என்னவோ கத்தினான். பிறகு எனக்கு, போ, கெதியாய்ப் போ என்று கையால் வீசினான்.

முதல் கியரில் போடும்போது அதுவும் விழாமல் விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். விழுந்தது. மேட்டில் ஏறினோம். பரலைத் தாண்டினோம்.

அங்கிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் இன்னும் சென்ரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பனை நீளம் முன்னாலேயே நிறுத்தினேன். அவர்கள் வா, வா என்று கூப்பிடக் கூப்பிட ஊர்ந்து போனேன்.

"அத்தான், இதிலை இருந்து நடந்து போவமோ?" என்றான் மச்சான். அவன் குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை, ஆனாலும் கேட்டான். அதற்காகத்தான் அவனை எனக்குப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் மகளைத் தள்ளு கட்டிலில் உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடினது. நாங்கள் மூவரும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். என் கையெல்லாம் ஆமணக்கெண்ணெய் மணத்தது. மனைவி, "இஞ்சேருங்கோ, பின்னுக்குப் போனதாலை பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதே?" என்று கேட்டாள். செய்யாது என்றேன். எனக்குத் தெரியாது. தாம்போதியில் பயந்ததைவிட அந்த வாங்கில் அதிகம் பயந்தேன். அங்கே ஸ்டேரிங் என் கையில் இருந்தது. இங்கே ஒன்றுமில்லை. கதவு திறந்து, நேர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து, பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று சொன்னபோது அந்த எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்தேன். மச்சான் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று திரும்பி வரும்போது ஆஸ்பத்திரித் தெருவில் ஜீப்பைத் திருப்ப வேண்டி இருந்தது. நாலைந்து பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னோம். என்ன பழுது என்று கேட்டார்கள். பற்றரி என்றான் மச்சான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அடுத்த நாளே பெட்டியைத் திரும்ப இறக்கினேன். சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். முகம் மாறித்தான் இருந்தது. அது ஒன்றைத் தவிர நான் கட்டிய வேலையில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். திருப்பிப் பூட்டி மூடினேன்.

மகளையும் பிள்ளையையும் கூட்டிவரப் புறப்பட்ட காலையில் மனைவி தேசிக்காயோடு வந்தாள். முன் சில்லடியில் குனிந்தாள்.

"அங்கை இல்லை. பின்னுக்கு வை" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜீப்பைச் சுற்றி நடந்து போய், நாலு சில்லுக்கும் பின் பக்கமாக நாலு தேசிக்காயையும் வைத்தாள். வைத்துவிட்டு விலகி நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள்.

நான் கிளட்சை அமத்தினேன். கொலர் பொத்தானைக் கழற்றிவிட்டேன். அந்தக் கர்ர்ர் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி பின் கியரில் போட்டேன். விழுந்தது. கிளட்சை விட்டேன். தேசிக்காய்கள் ஒவ்வொன்றாக நசிகிற சத்தம் கேட்டது.